நடக்கிற மலைக்குக் கீழே ஒரு மெத்தை வீடு

அன்பு மகனுக்கு உன் அம்மா எழுதுவது.

முதல் வரியில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுத வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அதற்கு மேல் நான் படிக்கவில்லை, அதனால் அதை மறக்கவும் இல்லை. இன்று அந்த வரியை எழுதக் கை ஓடவில்லை, ராசா. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மூட்டு வலி இருக்கிறது, அது எப்போதும் இருப்பதுதான். போனில் பேசினால் பாதியில் "செரிம்மா, டிராக்டர் நிக்குது" என்று வைத்துவிடுகிறாய். திரும்பப் போட்டால் சிக்னல் இல்லை என்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தபாலில் போட்டால் வந்து சேர்வதற்குள் காற்று மாதம் வந்துவிடும். எதிர்வீட்டுச் சரோஜாவின் மருமகளிடம் கொடுத்து, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். அவள் படிப்பாள். படித்துவிட்டு மாமியாரிடம் சொல்வாள், மாமியார் தெருவுக்குச் சொல்வாள். சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜமுனா வீடியோ கால் போட்டாள். நீ வயலில் இருந்தாய். உன் பெண்டாட்டி ராஜஸ்தான்காரி என்றால் அவள் பேச்சைக் கேட்டவர்கள் நம்புவதில்லை. கல்யாணமான புதிதில் நீ ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்க, அவள் என்னோடு இங்கே இருந்து பிடித்துக்கொண்ட பேச்சு அது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவள் தோற்றுப்போவாள். "இன்னா அத்த, சாப்டியா?" என்றாள். "ஆச்சு. மீனு எங்கடி?" என்றேன். போனைத் தூக்கிக் காட்டினாள். குழந்தை மெத்தையில், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. உன் மெத்தைக்கு இன்னும் படிக்கட்டு கிடையாது. ஏணி போட்டுத்தான் ஏறுவீர்கள், அதையும் குழந்தைக்கு எட்டாமல் படுக்க வைத்திருப்பாய். "யார்டி அவள மேல ஏத்துனது?" என்று கத்தினேன். அது குழந்தையின் காதில் விழுந்துவிட்டது. "ஆயா, பாரு! ஏணியே இல்லாம நடந்தே வந்துட்டேன்!" என்று சிரித்தது. எழுந்து பின்பக்கம் ஓடியது. கண்ணில் படாமல் போய், சற்று நேரத்தில் வீட்டைச் சுற்றி ஓடிவந்து ஜமுனாவின் காலைக் கட்டிக்கொண்டது. பாவாடையெல்லாம் மணல். அப்புறம்தான் ஜமுனா போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். அங்கே சுவர் இல்லை. ஜன்னலும் இல்லை. மணல் மலைதான் இருந்தது. அது மெத்தை வரைக்கும் சாய்ந்து, உன் வீட்டை ஒரு தலையணை மாதிரி வைத்துக்கொண்டு படுத்திருந்தது. "பின்ரூமு கதவத் தொறக்கறதில்ல அத்த. சொவத்துல விரிசல் உட்டிருக்குது. அவராண்ட சொன்னா சிமிட்டி பூசறேன்றாரு," என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

நீ அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த கதை உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் என் பங்கு எது, உன் பங்கு எது என்று உனக்குக் குழம்பிப் போயிருக்கிறது. பத்தாவது முடித்ததும் போர் வண்டியில் ராடு தூக்கப் போனாய். வண்டி வடக்கே போயிற்று, நீயும் போனாய். முதலில் ஆந்திரா, பிறகு குஜராத், கடைசியில் அந்த மணல் தேசம். வட்டமான மண் குடிசைகள், நாலைந்து வன்னி மரம், கொஞ்சம் ஆடு மாடு, டேங்கரில் வருகிற தண்ணீர். அவ்வளவுதான் அந்த ஊர். அங்கே நீ இறக்கிய ராடில் நல்ல தண்ணீர் பீய்ச்சியது. அந்த ஊர்ப் பெண்கள் ஓடிவந்து உன் வாயில் வெல்லக்கட்டியைத் திணித்தார்கள் என்று போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். வெல்லம் கொடுத்தவர்களில் ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அடுத்த போனில் சொன்னாய். இந்தி பேசுகிறவளா என்று நான் சோறு தின்னாமல் கிடந்தேன். அவள் வந்து, என் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, "இதுக்கு இன்னா பேரு, அதுக்கு இன்னா பேரு" என்று கேட்டுக் கேட்டு என் கோபத்தை உருவிக்கொண்டு போய்விட்டாள். அதெல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. நீ போர் வண்டியை விட்டுவிட்டு, மாமனார் பிரித்துக் கொடுத்த நிலத்தில் உன் தண்ணீரை விட்டுப் பயிர் வைக்கப் போகிறேன் என்றதும் நல்லதுதான். கெட்டது சரோஜா வாயிலிருந்து வந்தது. ரேஷன் கடை வரிசையில் எல்லார் எதிரிலும் கேட்டாள்: "இன்னாக்கா, ஒம் புள்ள வீட்டோட மாப்பிள ஆயிட்டானாமே? மாமியா கையால ரொட்டி துன்னுக்கினு?"

அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட்டேன். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறது. அந்த வார்த்தைதான் இன்றைக்கும் உன்னை அந்த வீட்டில் கட்டிப் போட்டிருக்கிறது. "மாமனார் கூரைக்குக் கீழ இனிமே படுத்தேன்னு கேள்விப்பட்டேன், என் சாவுக்குக்கூட வராதே. நீயா ஒரு வூடு கட்டு. மெத்தை வூடு கட்டு" என்றேன். நீ மறுபேச்சு பேசவில்லை. எதிர்த்துப் பேசுகிற பிள்ளையாக வளர்த்திருக்கலாம். சொன்ன வேகத்தில் ரயில் ஏறி நானே வந்தேன், இடம் பார்த்துக் கொடுக்க.

அங்கே வந்து இறங்கிச் சுற்றிலும் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் ஒன்றுமே இல்லை. நம் ஊரில் எந்தத் தெருவில் நின்று தலையைத் தூக்கினாலும் ஒரு கல்மலை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். ராஜகிரிக் கோட்டை மலையில் உருண்டு விழுகிற மாதிரி நிற்கிற பாறை நான் பிறந்தபோது எப்படி நின்றதோ அப்படியேதான் இன்றும் நிற்கிறது. மலை அடிவாரத்தில் வீடு இருந்தால் பேய்க்காற்று நேரே அடிக்காது, மேற்கு வெயில் சீக்கிரம் இறங்கும், பின்பக்கம் திருட்டு பயம் இல்லை. இது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உன் மாமனார் நிலத்தில் மேற்கே ஒரே ஒரு மேடு இருந்தது. மேடென்ன மேடு, குன்று. அதன் கிழக்குப் பக்கம் அந்தச் சாயங்காலத்தில் நிழல் விழுந்து குளுகுளுவென்று இருந்தது. நான் போய் அங்கே நின்று, "இங்கதான்டா. கட்டுனா இங்க கட்டு. மலையடிவாரம்" என்றேன். உன் மாமனார் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். ஜமுனா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அத்த, நைனா சொல்றாரு, அது மலை இல்லியாம். அது நடக்குமாம்." நானும் சிரித்தேன். "ஒங்க நைனாவ எங்க ஊருக்கு வரச் சொல்லுடி, நெஜமான மலைய காட்டறேன்" என்றேன். அவரும் சிரித்தார். சம்பந்தி என்கிற மரியாதைக்கு அதற்கு மேல் அவர் பேசவில்லை. எங்கள் எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கைப் பேச்சு. நீ அதே இடத்தில் முளைக்குச்சி அடித்தாய்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட அந்தக் குன்று இத்தனை வேகமாக வந்திருக்காது என்று ஜமுனா இப்போது சொல்கிறாள். அந்த மணல்மேட்டின் மேலும் வயலைச் சுற்றியும் ஒரு புதர் இருந்தது. இலையே கிடையாது, துடைப்பக்குச்சியை நட்டுவைத்த மாதிரிப் பச்சையாக நிற்கும். வயலில் கம்பு அறுத்த தட்டையை முழங்கால் உயரத்துக்கு அப்படியே விட்டு வைத்திருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கவே ஆகவில்லை. அறுத்த வயலைத் தட்டையோடு போட்டு வைத்தால் நம் பக்கம் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். நான் பையில் மல்லாட்டை விதை கொண்டுவந்திருந்தேன், நம் மேட்டு நிலத்து வேர்க்கடலை. மணல் பூமி, மல்லாட்டைக்கு அதைவிட என்ன வேண்டும்? நீயும் நானும் தட்டையைப் பிடுங்கினோம். நீ டிராக்டரைக் கூப்பிட்டு, மேட்டின் சரிவுவரை புதரையெல்லாம் வேரோடு பெயர்த்தாய். வேர் நீளமாக, கயிறு கயிறாக வந்துகொண்டே இருந்தது. உன் மாமனாரும் சும்மா இல்லை. அந்த வேரைக் கரி சுடுகிறவனுக்கு விற்று வந்ததில் மாட்டுக்குத் தீனி வாங்கிப் போட்டார். முதல் வருஷம் மல்லாட்டை செடிக்குச் செடி கொத்துக் கொத்தாகப் பிடித்திருந்தது. நீ அனுப்பிய போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டினேன். சரோஜாவிடம் இரண்டு முறை காட்டினேன். மல்லாட்டையை அறுக்க முடியாது, பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கப் பிடுங்க மண் பொலபொலவென்று உதிர்ந்து கிடந்தது. அடுத்த கோடையில் காற்று வந்தபோது அந்த மண்ணைப் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு வேர் இல்லை.

காற்று அந்தக் குன்றை என்ன செய்கிறது என்று எனக்குப் புரியவைத்தது ஜமுனாதான். மேற்குப் பக்கத்து மணலை முதுகில் ஏற்றிக்கொண்டு உச்சிக்குப் போகிறது. உச்சி தாண்டியதும் காற்று இல்லாத பக்கத்தில் கொட்டிவிடுகிறது. கொட்டிக் கொட்டியே குன்று நகர்கிறது. நான் நிழல் என்று நின்று காட்டிய இடம், அது கொட்டுகிற இடம். அதில் நீ செங்கல்லும் கம்பியும் சிமிட்டியும் போட்டு, தளம் ஒட்டி, வாசலுக்கு மேலே என் பெயரையும் எழுதினாய். புதுமனை புகுவிழாவுக்கு எடுத்த வீடியோவில் உன் மாமியார் தளத்தை அண்ணாந்து பார்த்து, "இதை எப்படித் தூக்கிப் போவீங்க?" என்று கேட்டது விழுந்திருக்கிறது. ஜமுனா அர்த்தம் சொன்னதும் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். வீட்டை யாராவது தூக்கிப் போவார்களா?

அவர்கள் தூக்கிப் போனார்கள். போன கோடையில் மணல் குடிசை வாசலுக்கு வந்ததும் உன் மாமனார் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டார். கூரையை ஒரே குடையாக அப்படியே பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு, கத்திக்கொண்டும் கேலி பேசிக்கொண்டும், வயலுக்குக் கிழக்கே வன்னி மரங்களைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்தார்கள். மண்சுவரைப் புதிதாக எழுப்பினார்கள். உன் மாமியார் திருகைக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு போனாளாம். "ஒங்களுக்கு வருத்தமா இல்லியா?" என்று ஜமுனாவிடம் போனில் கேட்டேன். "இன்னா வருத்தம் அத்த? மணலு எனக்குப் பெரியண்ணன்னு எங்க நைனா சொல்லுவாரு. அண்ணன் வந்து நின்னா எழுந்து எடம் குடுக்கணும். எங்க தாத்தா வூடு எங்க இருந்துதுன்னு யாருக்கும் தெரியாது, அத்த" என்றாள். உனக்கும் சேர்த்து ஒரு குடிசை போட இடம் விட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் அவர்களுடைய குடிசையிலேயே வந்து இருங்கள் என்கிறார்கள். கூப்பிடு தூரம். ஆனால் நீ போகவில்லை. மணலைத் தடுக்கிறேன் என்று வீட்டுக்குப் பின்னால் மதில் கட்டினாய். மதிலில் முட்டி மணல் இன்னும் உயரமாகக் குவிந்து, மதிலை விழுங்கிவிட்டு வீட்டைத் தொட்டது. தினமும் டிராக்டரால் தள்ளுகிறாய். பகலில் நீ தள்ளுவதை அது மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறது.

நான் சித்தாள் வேலைக்குப் போன காலம் உனக்கு நினைவிருக்கும். ஒரு சட்டி ஈர மணல் கழுத்தைத் தோளுக்குள் இறக்கிவிடும். காய்ந்த மணல்தானே என்று நீ சொல்கிறாய். ஒரு சட்டியா இரண்டு சட்டியா, ராசா? ஒரு குன்று அந்தச் சுவரில் சாய்ந்திருக்கிறது. தளத்தின் மேல் காற்று இன்னும் கொண்டுவந்து கொட்டும். விரிசலுக்குச் சிமிட்டி பூசுகிறாயாம். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உன் குழந்தை தூங்குகிறது.

போன வாரம் இதைத்தான் சொன்னேன். நீ என்மேல் சீறினாய். "இன்னாம்மா சொல்றே? உட்டுட்டுப் போவச் சொல்றியா? அந்தத் தண்ணி நான் எடுத்தது. அந்த வூடு நான் கட்டுனது. மாமனார் குடிசையில போய் குந்திக்கினா செஞ்சியில இன்னா சொல்லுவாங்க? நீதானே சொன்னே, சாவுக்குக்கூட வராதேன்னு?" என்றாய். பிறகு, "எங்க நைனா அவ்ளோ பாறையோட முட்டிக்கினாரு, கெணத்த உட்டாரா?" என்று கேட்டாய். போனை வைத்துவிட்டு அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் நைனா கிணற்றை விட்டுவிட்டார், ராசா. நீ அப்போது சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியாது. தொண்டூர் பக்கத்து மேட்டு நிலத்தில் அவர் தோண்டிய கிணறு உனக்குக் கதையாகத்தான் தெரியும். வெடி வைத்தார், கடப்பாரை தேய்ந்தது, கை காய்த்தது என்று நான் சொல்லிச் சொல்லி உன்னைச் சோறு தின்ன வைத்திருக்கிறேன். கதை அங்கேயே நின்றுவிடும், அதற்குள் நீ தூங்கிவிடுவாய். மிச்சக் கதை இதுதான். ஒருநாள் காலையில் கிணற்றுக்குப் போனவர் கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்தார். கடப்பாரையைக் கதவு மூலையில் சாத்தினார். "அங்க தண்ணி இல்லடி" என்றார். அவ்வளவுதான். கஞ்சி குடித்துவிட்டு மேல்சித்தாமூர்க்காரர் ஒருவருடைய நெல் வயலுக்கு வரப்பு அண்டை வெட்டக் கூலிக்குப் போய்விட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தெருவில் சும்மா விடுவார்களா? டீக்கடையில் ஒருத்தர், "இன்னா மாமா, கெணறு இன்னா ஆச்சி?" என்று கேட்டாராம். "ஆழமா இருக்குது. ஏறங்கிப் பாக்கறியா?" என்று இவர் கேட்டாராம். கடையே சிரித்ததாம். அதை வீட்டில் வந்து என்னிடம் சொல்லி அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் நம் வீட்டில் உலை கொதித்தது என்றால், அவர் தோண்டியதால் இல்லை, தோண்டுவதை நிறுத்தியதால். நீ யாரைப் பார்த்துப் பிடிவாதம் பிடிக்கிறாயோ அந்த மனிதருக்கு அது இல்லை. அது என்னுடையது. என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கிறது.

நீ தோற்றுவிட்டாய் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் நீதான், அதை எந்த மணலும் மூடாது. போர் வாய் மூடிப்போனால் வேறு இடத்தில் போடத் தெரிந்தவன் நீ. உன் மாமனார் சொல்கிறபடி அந்த வயலைக் கொஞ்ச வருஷம் தரிசாகப் போடு, அந்தத் துடைப்பப் புதரைத் திரும்ப நட்டுப் பார், தட்டையைப் பிடுங்காதே. மல்லாட்டையை மறந்துவிடு. இதெல்லாம் பிறகு. முதலில் அந்த வீட்டை விட்டு வெளியே வா. இங்கே செஞ்சிக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் உன்னை இங்கே வா என்று கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. ஜமுனாவுக்கு அவள் ஊரை விட மனசில்லை, குழந்தைக்கு அங்கே ஆட்டுக்குட்டிகள் இருக்கின்றன, உனக்கும் அந்த மண் பிடித்துப் போயிற்று. நீ போக வேண்டியது உன் மாமனார் குடிசைக்கு. நான் எந்தக் கூரைக்குக் கீழே படுக்காதே என்றேனோ அந்தக் கூரைக்கு.

சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்குகிறேன் என்று காகிதத்தில் எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அம்மா நமக்காகச் சொல்கிறாள், தெருவில் அவள் தலை குனிந்துதானே நடப்பாள் என்று நினைப்பாய். அதனால் நேற்று திரௌபதியம்மன் கோயிலுக்குப் போனேன். பாரதம் படிக்கிறார்கள், மத்தியானத்தில் பந்தல் நிறையப் பெண்கள். கதை சொல்கிறவர் சோடா குடிக்க நிறுத்தியிருந்தார். சரோஜா எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, வழக்கம்போல ஆரம்பித்தாள்: "வாக்கா. ராஜஸ்தான் ஜமீந்தாரு இன்னா சொல்றாரு?"

"மெத்தை வூட்ட உட்டுட்டான்டி," என்றேன்.

"இன்னாது?"

"மணலு துன்னுடுச்சி. நெலமும் போச்சி, வூடும் போச்சி. மாமனார் குடிசைக்குப் போயிட்டான். வீட்டோட மாப்பிள ஆயிட்டான். காதுல உழுந்துச்சா, மைக்க வாங்கிச் சொல்லட்டுமா?"

பந்தலே எங்கள் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் காது இரண்டும் எரிந்தது. இத்தனை வருஷமாக எந்த வார்த்தையைக் கேட்டுவிடக் கூடாது என்று உன்னைப் பாலைவனத்தில் கல்வீடு கட்ட வைத்தேனோ, அதை என் வாயாலேயே சொல்லி முடித்திருந்தேன். சரோஜா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "கொழந்த நல்லா இருக்குதாக்கா?" என்றாள். தலையை ஆட்டினேன். "அப்பறம் இன்னா? போனா போவுது வூடு. மாமியா வூட்டு ரொட்டி சூடா இருக்கும், துன்னட்டும் வுடு," என்றாள். இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவ்வளவுதான், ராசா. கதை சொல்கிறவர் சோடா பாட்டிலை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். நான் பயந்துகொண்டிருந்தது முழுக்க ஒரு சோடா குடிக்கிற நேரத்தில் முடிந்துபோயிற்று.

ஆனால் எழுந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. போயிட்டான் என்று சொல்லிவிட்டேன், நீ இன்னும் போகவில்லை. அம்மன் எதிரில், கொடியேற்றிய கோயிலில், குழந்தை நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன். குழந்தை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. அந்தப் பொய்யை நிஜமாக்க என்னால் முடியாது. நான் இருக்கிற இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டாது. அந்த வீடு எனக்கு வேண்டாம், வாசலுக்கு மேல் இருக்கிற என் பெயர் எனக்கு வேண்டாம், மணல் அதை இன்றைக்கே எடுத்துக்கொள்ளட்டும். கோடைக் காற்று இங்கேயே கிளம்பிவிட்டது, மத்தியானத்தில் பந்தல் தட்டி படபடவென்று அடித்துக்கொள்கிறது. அங்கே எப்படி அடிக்கும் என்று நினைத்தால் என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

இதைப் படித்ததும் டிராக்டரை நிறுத்து. அரிசி மூட்டையைத் தேடாதே, கட்டிலைத் தூக்காதே. குழந்தையைத் தோளில் போட்டுக்கொள், ஜமுனாவைக் கூப்பிடு, வன்னி மரத்தைத் தாண்டி நட. உன் மாமனார் சிரித்தால் நீயும் சிரி. அங்கே போய் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நீ ஒன்றும் பேச வேண்டாம், நானும் எடுக்க மாட்டேன். ஒரு தரம் மணி அடித்தால் போதும். போன் என் மடியிலேயே இருக்கிறது.

அம்மா